பக்கத்தில் பறப்பது நானேதான்

தெற்கு இங்கிலாந்தின் புல்தரை ஓடுதளம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் அமரும் சிறு விமானம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விமானியின் தொடையில் வார் போட்டுக் கட்டிய ஐபேட், அதில் வரைபடம். ஆயிரம் அடி தாண்டியதும் காதுக்குள் ஒரு குரல், 'டிராஃபிக்' என்கிறது. திரையில் அவருடைய விமானத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம். இன்னொரு விமானம், இதே உயரத்தில், மிக மிக அருகில். இடப்பக்கம் பார்க்கிறார், வலப்பக்கம் பார்க்கிறார், இறக்கையைச் சாய்த்துக் கீழேயும் பார்க்கிறார். யாரையும் காணோம். பதறிப்போய்த் திரும்புகிறார். வளையமும் கூடவே திரும்புகிறது. இறங்குகிறார். அதுவும் இறங்குகிறது.

அது அவருடைய விமானமேதான். அந்த விமானத்தில் இருக்கும் ஒரு கருவி வானொலியில் பேசுகிறது. அதே விமானத்தில் இருக்கும் இன்னொரு கருவி அதைக் கேட்டுவிட்டு, யாரோ நெருங்கி வருவதாக எச்சரிக்கிறது.

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். இதை ஏன் சிரித்துவிட்டு விட முடியாது என்பது புரிய, ஆகாயத்தில் மனிதக் கண் எவ்வளவு மோசமாக வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெரிய பயணி விமானங்கள் பெரும்பாலும் கட்டுப்பாட்டாளரின் பார்வையில் பறப்பவை. சிறு விமானங்கள், கிளைடர்கள், மைக்ரோலைட்டுகள் சுற்றும் தாழ்வான வான்வெளியில் பல இடங்களில் அப்படி யாரும் கிடையாது. விமானியே பார்த்து, விமானியே விலக வேண்டும்; விதி அவ்வளவுதான். இரண்டு விமானங்கள் தலா 100 நாட் வேகத்தில் நேருக்கு நேர் வந்தால், ஒரு கடல் மைல் இடைவெளி 18 நொடிகளில் தீர்ந்துபோகும். அந்தத் தூரத்தில், 11 மீட்டர் இறக்கை கொண்ட ஒரு செஸ்னா, நிலவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் தெரியும். அதுவும் இறக்கையின் நீளம்; முன்னால் இருந்து பார்த்தால் இறக்கை வெறும் கோடு. பார்த்து, அது விமானம் என்று உணர்ந்து, மோதும் என்று புரிந்து, கையை அசைத்து, விமானம் திசை மாறுவதற்கு ஆகும் நேரம் பன்னிரண்டரை நொடி என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பின் ஆலோசனைக் குறிப்பு கணக்கிடுகிறது. 18-இல் 12.5 போனால் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

இன்னொரு கெட்ட செய்தியும் உண்டு. நேராக மோதப்போகும் விமானம் கண்ணாடியில் நகரவே நகராது. ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசி நொடிகளில் திடீரென்று பெரிதாகும். மனிதக் கண்ணோ அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும். இது போதாதென்று விமானத்தின் கூரை, இறக்கை, கதவுச் சட்டம் எல்லாம் மறைக்கும். 2017 நவம்பர் 17 அன்று இங்கிலாந்தின் வாட்ஸ்டன் அருகே ஒரு செஸ்னா 152 விமானமும் ஒரு கேப்ரி ஹெலிகாப்டரும் மோதி நான்கு பேர் இறந்தார்கள். இரண்டும் வைகோம் என்ற ஒரே விமானத் திடலிலிருந்து கிளம்பியவை. ஏறக்குறைய ஒரே பாதையில் அவை சென்றுகொண்டிருந்ததால் ஒருவரை ஒருவர் பார்க்கக் கிடைத்த வாய்ப்பே மிகக் குறைவு என்றது விபத்துப் புலனாய்வு அறிக்கை.

எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லிவிட்டால் கதை மாறுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகம் நடத்திய பறப்புச் சோதனைகளில் தெரியவந்தது இது: திசை சொல்லப்பட்ட விமானி ஒரு நொடி தேடுவது, சொல்லப்படாதவர் எட்டு நொடி தேடுவதற்குச் சமம். ஆஸ்திரேலியாவின் விமானப் பாதுகாப்புப் புலனாய்வு அமைப்பு 1991-இல் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையும் இந்த எட்டு மடங்கைச் சுட்டிக்காட்டியது. விமானிகள் 'இ.சி.' (எலெக்ட்ரானிக் கான்ஸ்பிக்யூட்டி) என்று சுருக்கமாகச் சொல்லும் கருவிகளின் மொத்த நியாயமும் இந்த எட்டில் இருக்கிறது. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ஒவ்வொரு விமானமும் தன்னை வானொலியில் அறிவிக்கும். மற்றவற்றின் அறிவிப்பைக் கேட்டுத் திரையில் காட்டும்.

அப்படியானால் ஒரு பொய் எச்சரிக்கை என்ன செய்கிறது? அந்த எட்டு மடங்கு கூர்மையை, யாருமே இல்லாத திசையில் செலவழிக்க வைக்கிறது. பத்து முறை ஏமாந்த விமானி பதினோராவது முறை தலையைத் திருப்ப மாட்டார். ஒலியைக் குறைத்துவிடுவார்.

ஒரு சிறு விமானத்தில் எதற்கு இரண்டு கருவிகள்? பணம் கூடிப்போய் வாங்கியதல்ல. பல விமானங்களில் ஏற்கெனவே 'மோட் எஸ்' டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது. தரையிலிருந்து ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் கேள்விக்கு இது 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். யாரும் கேட்காவிட்டாலும் ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை தன் அடையாள எண்ணை வீசிக்கொண்டிருக்கும். ஆனால் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று மட்டும் சொல்லாது. அதற்கு அதனுடன் ஜி.பி.எஸ். இணைக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பொறியாளர், கம்பி வேலை, செலவு. அதைவிட, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் கையடக்கக் கருவி ஒன்றை வாங்கிவிடலாம். ஸ்கைஎக்கோ அப்படிப்பட்டது. தனக்குள்ளேயே ஜி.பி.எஸ். வைத்திருக்கிறது, அதே 1090-இல் 20 வாட் திறனில், ஏ.டி.எஸ்.-பி என்ற முறையில், இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் ஒலிபரப்புகிறது. இத்தகைய கையடக்கக் கருவிகளுக்கு பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் 'கேப் 1391' என்ற விதிமுறையே வகுத்தது. 2020-இல் கருவி விலையில் பாதியை, 250 பவுண்டு வரை, திருப்பிக் கொடுக்கும் திட்டமும் வந்தது.

சரி, கையடக்கக் கருவி வந்ததும் பழைய டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிடலாமே என்றால், கூடாது. பயணி விமானங்களில் இருக்கும் மோதல் தவிர்ப்புக் கருவியான டி-காஸ், எதிரே உள்ள டிரான்ஸ்பாண்டரைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கித்தான் தன் விமானிக்கு 'ஏறு, இறங்கு' என்று சொல்லும். கையடக்கக் கருவிக்குப் பதில் சொல்லத் தெரியாது. தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டும் வேண்டும். அங்கேதான் இரட்டைப் பிறவி ஆரம்பிக்கிறது.

போதாக்குறைக்கு, ஐரோப்பாவின் தாழ்வான்வெளியில் எல்லோரும் ஒரே மொழி பேசுவதில்லை. கிளைடர்காரர்களிடம் இருப்பது ஃபிளார்ம். 2004-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தது. வெப்பக் காற்றுத் தூணில் ஐந்தாறு கிளைடர்கள் நெருக்கமாக வட்டமடிக்கும்போது, சும்மா சும்மா அலறாமல், பாதைகள் உண்மையிலேயே குறுக்கிடப் போகும்போது மட்டும் எச்சரிப்பது அதன் சாமர்த்தியம். 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மிகக் குறைந்த திறனில் பேசுகிறது. பிரிட்டனின் பைலட்அவேர் பக்கத்திலேயே 869.5-இல் வேறொரு மொழி பேசுகிறது. பைலட்அவேர் தரை நிலையங்களும் வைத்திருக்கிறது. கிளைடர்களின் ஃபிளார்ம் பேச்சைக் கேட்டு, தன் மொழியில் மாற்றி மேலே அனுப்புகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே கிளைடர் இப்போது உங்கள் திரைக்கு நேராகவும் வரலாம், தரை நிலையம் வழியாகவும் வரலாம். தரை வழியாக வருவது கொஞ்சம் தாமதம். 100 நாட்டில் பறக்கும் விமானம் நொடிக்கு 51 மீட்டர் போகிறது. மூன்று நொடி தாமதம் என்றாலே 150 மீட்டர் பின்னால் இன்னொரு புள்ளி.

இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டும் கயிறு ஒன்றே ஒன்றுதான்: 24 பிட் முகவரி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தொகுதியைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. நாடு தன் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்றைத் தருகிறது. 24 பிட் என்றால் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள். 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் உள்ள குறிகளில் ஆறு இலக்கமாக எழுதுவார்கள். ஃபிளைட்ரேடார்24 செயலியில் சென்னைக்கு வரும் விமானத்தைத் தொட்டுப் பார்ப்பவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். இந்தியாவில் பதிவான விமானம் என்றால் 8-இல் தொடங்கும். பிரிட்டன் என்றால் 4. அமெரிக்கா என்றால் ஏ.

திரைக்குப் பின்னால் இருக்கும் மென்பொருள் இந்த முகவரியை வைத்து ஓர் அட்டவணை நடத்துகிறது. புதிய சமிக்ஞை வந்ததும், இந்த முகவரிக்கு ஏற்கெனவே வரிசை உண்டா என்று பார்க்கும். இருந்தால் புதுப்பிக்கும், இல்லையென்றால் புது வரிசை, திரையில் புதுப் புள்ளி. ஒரே முகவரிக்கு இரண்டு வழியில் செய்தி வந்தால் நேராக வந்ததற்கு முதலிடம், தரை வழி வந்ததற்கு இரண்டாமிடம். ஜி.பி.எஸ். இடத்தோடு வந்த செய்தி இருக்கும்போது, மோட் எஸ் துடிப்பின் வலிமையை வைத்துத் தூரத்தை ஊகித்துப் போடும் வளையம் தேவையில்லை. சில நொடிகள் சத்தமே இல்லாத வரிசையை அழித்துவிடும். வந்த முகவரி தன் விமானத்தின் முகவரியாக இருந்தால் அதைக் காட்டவே காட்டாது.

முகவரி எல்லாக் கருவியிலும் ஒன்றாக இருக்கும்வரை இதில் ஒரு குழப்பமும் இல்லை. டிரான்ஸ்பாண்டரைப் பொருத்தும்போதே பொறியாளர் அதில் முகவரியைப் பதித்துவிடுவார். கையடக்கக் கருவியில் விமானியே தட்டச்சு செய்ய வேண்டும். ஃபிளார்ம் கருவி தொழிற்சாலையிலிருந்து வரும்போது தனக்கென்று ஓர் எண்ணோடு வருகிறது, விமானத்தின் ஐ.சி.ஏ.ஓ. முகவரியை அதன் அமைப்புக் கோப்பில் எழுதிவைக்கவில்லை என்றால் அந்தச் சொந்த எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். அப்போது டிரான்ஸ்பாண்டர் வைத்த கிளைடர் ஒன்று மற்றவர்களுக்கு இரண்டாகத் தெரியும். தனக்குத்தானே அந்நியனாகவும் தெரியும். நாம் முதலில் பார்த்த விமானியின் வளையம் இந்த வகைதான். எட்டு என்று இருக்க வேண்டிய இடத்தில் பி என்று அடித்திருப்பார்.

அமெரிக்காவில் திரையில் தெரியும் இந்தப் பேய் விமானத்துக்கு வேறு பிறப்பு. அங்கே ரேடாரில் தெரியும் விமானங்களின் இருப்பிடத்தைத் தரை நிலையங்களே வானுக்கு ஒலிபரப்புகின்றன, ஏ.டி.எஸ்.-பி ஒலிபரப்பும் ஒவ்வொரு விமானத்தையும் சுற்றி 15 கடல் மைல் ஆரம், மேலும் கீழும் 3,500 அடி. உங்கள் விமானத்தை ரேடார் பார்த்த இடமும், உங்கள் ஜி.பி.எஸ். சொன்ன இடமும் ஒன்றுதான் என்று தரைக் கணினி பொருத்திப் பார்க்க வேண்டும். தவறினால், உங்களையே உங்களுக்குப் பக்கத்து விமானமாக அனுப்பி வைக்கும். நெடுந்தூர ரேடார் ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 நொடி. அதற்குள் நீங்கள் 600 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். வளைந்து திரும்பும்போதுதான் இந்தப் பொருத்தம் அதிகம் தடுமாறும். திரும்பிக்கொண்டிருக்கும் விமானியின் வாலைப் பிடித்தபடி ஒருவர் துரத்துவதாகத் திரை காட்டும். தன் அடையாளத்தை மறைத்துப் பறக்க, அங்கே ஏ.டி.எஸ்.-பி பேசும் இன்னொரு அலைவரிசையான 978 மெகாஹெர்ட்ஸ் கருவிகளில் ஒரு வசதி உண்டு: தற்காலிக முகவரி ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் மோட் எஸ் டிரான்ஸ்பாண்டர் உண்மை முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தால் வேஷம் கலைவதோடு போகாது, பேயும் கிளம்பும்.

பேயை ஒழிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று சரி, மற்றது பயங்கரம். சரியான வழி முகவரியைப் பொருத்துவது. பயங்கரமான வழி, 'இதே உயரத்தில், இவ்வளவு கிட்டத்தில் வருவது நானாகத்தான் இருக்கும்' என்று ஊகித்து மறைப்பது. பழைய மோட் சி டிரான்ஸ்பாண்டர்கள் உயரத்தைச் சொல்லும், முகவரியைச் சொல்லாது. ஆகவே அங்கே பெரும்பாலும் உயரத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நம் உயரத்தில், நமக்கு மிக அருகில் இருக்கும் விமானம்தானே நம்மேல் மோதக்கூடியது? அதை மறைக்கும் சல்லடை, எதைக் காட்ட வேண்டுமோ அதையே மறைக்கிறது.

முகவரி வழியிலும் ஒரு குழி இருக்கிறது. இரட்டைப் பிறவியைவிட நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பறப்புக் கழகம் ஒன்றில் இரண்டு விமானங்கள். உறுப்பினர் ஒருவரிடம் சொந்தமாகக் கையடக்கக் கருவி. சனிக்கிழமை முதல் விமானத்தில் பறந்தார். அதன் முகவரியைக் கருவியில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கருவியைக் கழற்றி இரண்டாவது விமானத்தில் ஒட்டினார். முகவரியை மாற்ற மறந்தார். இப்போது அவருடைய டிரான்ஸ்பாண்டர் சரியான முகவரியைச் சொல்கிறது. கருவி அதை அந்நியன் என்று நினைத்து வளையம் போடுகிறது. இது தொல்லை, அவ்வளவுதான். அதே நேரம் முதல் விமானத்தில் இன்னொரு உறுப்பினர் பறந்துகொண்டிருக்கிறார். அதன் முகவரி கருவியின் நினைவில் 'நான்' என்று பதிந்திருக்கிறது. கருவி அந்த விமானத்தைக் காட்டவே காட்டாது. வாக்காளர் பட்டியலில் இரண்டு தடவை வந்த பெயரை நீக்கப் போய், உயிரோடு இருப்பவரின் பெயரையும் அடித்துவிட்ட கதை. ஒரே திடல், ஒரே சுற்றுப்பாதை, ஒரே ஞாயிறு மாலை. யாரோடு மோத அதிக வாய்ப்போ அவர்தான் திரையில் இல்லை.

மென்பொருள் தன் விதிப்படி ஒழுங்காக நடந்தும் எச்சரிக்காமல் போவது கற்பனை அல்ல. 2019 மே 13 அன்று அலாஸ்காவின் கெட்சிகன் அருகே, சொகுசுக் கப்பலில் வந்த சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சென்ற இரண்டு மிதவை விமானங்கள் மோதின. ஒன்று ஆட்டர், ஒன்று பீவர். ஆறு பேர் இறந்தார்கள். இரண்டிலும் ஏ.டி.எஸ்.-பி இருந்தது. ஆட்டரில் உயரத் தகவலைத் தரும் கட்டுப்பாட்டுப் பெட்டி அணைந்திருந்ததால், அது ஒலிபரப்பிய செய்தியில் அழுத்த உயரம் இல்லை. பீவர் விமானி வைத்திருந்த செயலி, அழுத்த உயரம் இல்லாத விமானத்துக்கு எச்சரிக்கை எழுப்பாதபடி எழுதப்பட்டிருந்தது. ஆட்டரின் திரையிலோ, கருவிகளைப் புதுப்பித்தபோது ஒலி எச்சரிக்கை வசதியே போய்விட்டிருந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையில் இவை அனைத்தும் உள்ளன. இங்கே இரட்டைச் சமிக்ஞை எதுவும் இல்லை. ஆனால் பொய் எச்சரிக்கையைக் குறைப்பதற்காகப் போடும் ஒவ்வொரு நிபந்தனையும் உண்மையான ஒன்றை விழுங்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

வடிகட்டுவதைவிட, இரட்டைச் சமிக்ஞை எழாமலே தடுப்பது மேல். அதற்காகத்தான் தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பை அணைத்துக் கேட்பதற்கு மட்டும் வைக்கும் தெரிவைத் தந்திருக்கிறார்கள். ஜி.பி.எஸ். இணைத்த ஏ.டி.எஸ்.-பி டிரான்ஸ்பாண்டர் ஏற்கெனவே இருந்தால் ஸ்கைஎக்கோவைக் கேட்பு நிலையில்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே முகவரியில் இரண்டு ஜி.பி.எஸ்.கள் தனித்தனியாக இடம் சொல்லும். பார்ப்பவர்களுக்கு விமானம் முன்னும் பின்னும் துள்ளும். தவிர, 1090 என்பது எல்லா விமானங்களும் பங்குபோடும் ஒற்றை அலைவரிசை. பயணி விமானங்களும் அதில்தான் பேசுகின்றன. தேவையில்லாத பேச்சு அங்கே நெரிசல். இடம் சொல்லாத வெறும் மோட் எஸ் என்றால் இரண்டையும் ஒலிபரப்பில் வைக்கலாம்; முகவரி மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2022-இல் ஏ.டி.எஸ்.-எல் என்ற பொது மொழியின் விவரக்குறிப்பை வெளியிட்டது. ஃபிளார்ம் பேசும் அதே அலைவரிசைப் பகுதியில், மலிவான கருவிகளும் பேசக்கூடிய எளிய மொழி. எல்லோரும் அதற்கு மாறினால் மொழிச் சிக்கல் குறையும். முகவரிச் சிக்கல் அப்படியே இருக்கும்.

அதற்குச் செலவில்லாத வைத்தியம் உண்டு. பிரிட்டன் விமானப் பதிவேடான ஜி-இன்ஃபோவில் எந்த விமானத்தின் பதிவெண்ணைத் தட்டினாலும் ஆறு இலக்க முகவரி வந்துவிடும். கழகங்கள் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒவ்வொரு விமானத்தின் கருவிப் பலகையிலும் ஒட்டிவைக்கட்டும். கருவி செய்பவர்கள், 'நான்' என்று எந்த முகவரியை மறைக்கிறோம் என்பதை அமைப்புப் பக்கத்தின் ஐந்தாவது அடுக்கில் ஒளித்துவைக்காமல், வரைபடத் திரையிலேயே காட்டட்டும். விமானி கிளம்பும் முன் இரண்டையும் ஒப்பிட ஐந்து நொடி போதும். திரையில் பேய் தெரிந்தால் ஒலியைக் குறைக்காதீர்கள். இறங்கியதும் முகவரியைச் சரிபாருங்கள்.